நூத்துக்கு மூணு பேரு

நூத்துக்கு மூணு பேருதானுங்களா? கம்மியா இருக்குதுன்னு நீங்க வெசனப்படறீங்க அம்மிணி. எனக்கு அந்த மூணு பேரும் எந்த ஊர்க்காரங்கன்னுதான் ஆச்சரியமா இருக்குது. எங்க ஊருல நூத்துக்கு ஒண்ணு தேறுனாலே பெரிய சங்கதிங்க.

அந்த ஸ்டூலு வேண்டாம், ஒரு காலு ஆடும். இந்தப்பக்கம் வந்து உக்காருங்க. கரண்டு இப்போதைக்கு வராது. மாசத்துக்கு ஒரு நாளு லைன்ல வேலை செய்யறோம்னு நிறுத்திப்போடுவாங்க, வர்றதுக்குப் பொழுது சாய்ஞ்சுரும். கரண்டு இல்லீன்னா எனக்கு வேலை ஓடாது. சூடு வைக்கிற மிஷினும் இல்ல, சார்ஜும் இல்ல. நீங்க கேக்கறதுக்கெல்லாம் சாவகாசமா பதில் சொல்றேன். டீ சொல்லட்டுங்களா? சரி, அப்பறம் குடிக்கலாம்.

நீங்க சொன்னத நான் ஒருக்கா திருப்பிச் சொல்றேன், சரியா இருக்குதான்னு பாருங்க. நாம ஒரு வெப்சைட்டத் தொறந்தா, நாம வாயத் தொறக்காமயே நம்ம ப்ரவுசர் அதுகிட்ட, இந்த ஆளு இன்ன பாஷைக்காரன்னு சொல்லிப்போடும். அப்படிங்களா? அப்படிச் சொன்னதையெல்லாம் உங்க ஆபீசுல கூட்டிப்பாத்து, இத்தன பேருக்கு ப்ரவுசர் அவங்க சொந்த பாஷையில இருக்குது, இத்தன பேருக்கு இல்லீன்னு ஒரு மதிப்புப் போட்டிருக்கீங்க. நம்ம பக்கத்துக்கு நூத்துக்கு மூணுன்னு வந்திருக்குது. அது நெசமான்னு ஊர் ஊராப் போயி ஃபாரத்த வச்சு சரி பாக்கறீங்க. அவ்வளவுதானுங்களே?

இதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் தகராறு இல்லீங்க. மிச்சம் தொண்ணூத்தியேழு பேரும் இங்கிலீஷே போதும்னு இருக்காங்க, அதனால தமிழ்ல பக்கம் போடறதுக்கு இனி யாரும் மெனக்கெட மாட்டாங்கன்னு சொன்னீங்க பாருங்க, அதக் கேட்டுட்டு என்னால சும்மா உக்கார முடியல.

அந்தத் தொண்ணூத்தியேழு பேரும் நான் ஒருத்தன்தானுங்க.

சிரிக்காதீங்க. லோகநாதன், அங்காளம்மன் மொபைல்ஸ், வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பொறத்தால. எழுதிக்கங்க. பதினோரு வருசமா இந்தக் கடைய வச்சிருக்கேன். ஒரு நாளைக்கு ஒரு புது போனு, நல்ல நாளுன்னா மூணு. குத்துமதிப்பா நாலாயிரம் போனு இந்தக் கையில தொறந்திருக்கேன். இதே மாதிரி வீதிக்கு ஒருத்தன் இருக்கான், முத்தூர்ல ஒருத்தன், மூலனூர்ல ரெண்டு பேரு. எல்லாரும் செய்யறது ஒண்ணுதான்.

புது போன ஆன் பண்ணுனா மொதல்ல என்ன வருமுங்க? எந்த பாஷை வேணும்னு கேக்கும். இங்கிலீஷு மேல நிக்கும். தமிழு கீழ எங்கயோ கெடக்கும், தள்ளித் தள்ளிப் போகோணும். நான் ஒருத்தர்கிட்டயும் கேட்டதில்லீங்க. கவருல இருந்து எடுக்கறது, ஆன் பண்றது, டக்குன்னு இங்கிலீஷ அமுக்கறது. போனு வாங்க வந்தவங்க எதுத்தாப்பல நின்னு என்ற கையவே பாத்துட்டு இருப்பாங்க, ஆஸ்பத்திரியில ஊசி போடறதப் பாக்கற மாதிரி. அங்க ஒரு கேள்வி வந்துச்சு, அது அவங்களக் கேட்ட கேள்வி, அதுக்கு நான் பதில் சொல்லீட்டேங்கறதே அவங்களுக்குத் தெரியாது. போனத் தொறக்கறப்பவே எல்லாம் முடிஞ்சு போயிரும். அதுக்கப்பறம் ப்ரவுசரும் இங்கிலீஷு, மத்ததும் இங்கிலீஷு.

ஏன்னுங்களா கேக்கறீங்க? வேல சுளுவுங்க. செட்டிங்கு எங்க இருக்குது, அதுக்குள்ள எது எத்தனாவது வரியில இருக்குதுன்னு என்ற கைக்குத் தெரியும். பாக்காமயே போயிரும். ஒருக்கா ஒரு வாத்தியாரு தமிழ்ல வச்சிருந்த போன ரிப்பேருக்குக் கொண்டாந்தாரு. எனக்குக் கண்ணக் கட்டி விட்ட மாதிரி ஆயிப்போச்சு. எல்லாம் தமிழ்தான், எல்லாம் படிக்க முடியுது, ஆனா எது எங்க இருக்குதுன்னு தெரியல. அவரு முன்னால நான் எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு நிக்கறேன். அதிலிருந்து வைராக்கியமாவே இங்கிலீஷு.

எனக்கு இங்கிலீஷு தெரியுமான்னு கேட்டீங்கன்னா, அது வேற விசயங்க. பத்தாவதுல மூணு தடவ எழுதுனேன். எனக்குத் தெரிஞ்சது எழுத்து இல்லீங்க, எடந்தான்.

அப்பறம் ஒண்ணு. தமிழ்ல இருந்தா அவங்களே படிச்சு அவங்களே செஞ்சுக்குவாங்க, நம்ம கடைக்கு வரமாட்டாங்கன்னு நான் அப்படிச் செஞ்சதா மட்டும் நெனச்சுராதீங்க. என்ற கொழுந்தியாகூட ஒரு நாளு அப்படிச் சொன்னா. சத்தியமா அந்த எண்ணமே கெடையாதுங்க. ஆனா ஒரு சின்னக் கொழந்தைக்குக் காச்சல்னா டாக்டர்கிட்ட ஓடற மாதிரி, போன்ல ஒரு மெசேஜு வந்தா என்கிட்ட ஓடி வருவாங்க. லோகண்ணா இத என்னன்னு பாருங்கம்பாங்க. நெம்பப் படிச்சவங்க வீட்டுப் பொம்பளைங்ககூட வருவாங்க. அது எனக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு. அது வேற, இது வேற.

கலாமணின்னு ஒரு புள்ள. இங்க பக்கத்துல தறிக்குடோன்ல தார் சுத்தற வேலை. ஓடற தறிக்கு ஊடைநூல சின்னச் சின்னக் குச்சியில சுத்திக் கொடுத்துட்டே இருக்கோணும், அந்த வேலை. வீட்டுக்காரரு லாரியில வடக்க போயிட்டா பத்துப் பதினஞ்சு நாளு ஆகும் திரும்ப. அவங்களுக்கு ஒரே பொம்பளப் புள்ள, தன்ஷிகா. பொறந்ததுல இருந்து காது கேக்காது. காது கேக்காததுனால பேச்சும் வரல. அது மூக்கும் முழியுமா அத்தன லட்சணங்க. கடைக்கு வந்தா கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருக்கற கவருங்களையெல்லாம் ஒண்ணொண்ணாக் கை காட்டி என்னப் பாத்துச் சிரிக்கும்.

மூணு வருசத்துக்கு முன்னால கலாமணி போனு வாங்க வந்தாங்க. புள்ளையோட டாக்டரு வீடியோவெல்லாம் அனுப்பறாராம், பட்டன் போன்ல பாக்க முடியலையாம். நான் வழக்கம்போல கவர எடுத்தேன், ஆன் பண்ணுனேன். கலாமணி மட்டும் என்ற கையப் பாக்காம போனப் பாத்துட்டு இருந்தாங்க போல. 'அண்ணா, இதுல தமிழ் வருமுங்களா'ன்னு கேட்டாங்க. எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன், தமிழ்ல இருந்தா நானே படிச்சுக்குவேன்னாங்க.

நாலாயிரம் போன்ல அப்படிக் கேட்டது அவங்க ஒருத்தருதான்னு வச்சுக்கங்களேன். அன்னைக்குக் கடையில நல்ல கூட்டம். நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? 'தமிழ் போட்டா போனு ஸ்லோ ஆயிரும் கலாமணி, அப்பறம் வீடியோ நின்னு நின்னு ஓடும்'னேன். சுத்தப் பொய்யிங்க. வாயில வந்துச்சு, சொல்லீட்டேன். புள்ளையோட வீடியோ நிக்கும்னதும் அவங்க பயந்துட்டாங்க. அப்ப இங்கிலீஷே இருக்கட்டும்ணான்னாங்க.

அதோட விட்டனா? இல்லீங்க. அவங்க மொகம் வாடுனதப் பாத்துட்டு, ஒரு உபகாரம் பண்றதா நெனச்சு, எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கறத அவங்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அதுதானுங்க என்ற பேமசான பாடம். எழுதப் படிக்கத் தெரியாதவங்ககூட அதக் கேட்டுட்டுப் போயி போன ஓட்டீருவாங்க. என்னன்னா, போன்ல எது வந்து நின்னாலும் கீழ ரெண்டு பட்டன் இருக்கும். ஒண்ணு நீலம், ஒண்ணு சாம்பல். நீலத்த அமுக்குங்க, சாம்பல விட்டுருங்க. அவ்வளவுதான். நீங்களே யோசிச்சுப் பாருங்க அம்மிணி, சரிதானுங்களே? நூத்துக்குத் தொண்ணூத்தியொம்பது தடவ நீலந்தான் சரியா இருக்கும். அனுமதி கொடு, சம்மதம், அடுத்தது, சரி, எல்லாம் நீலம். இந்த ஊர்ல பாதிப் பேரு இன்டர்நெட்டு பாக்கறதே அந்த நீலத்துலதான். எங்க மாமனாரு ஊருல சந்தைக்குப் போனா, 'நீலத்த அமுக்கு'ன்னு வழியில யாரோ யாருக்கோ சொல்லிட்டுப் போறாங்க. எனக்கு அன்னிக்கெல்லாம் நடையே மாறிப்போச்சுங்க.

தண்ணி குடிக்கறீங்களா? இந்தாங்க.

தன்ஷிகாவுக்கு நாலு வயசு முடியறப்ப, ஈரோட்டுக்கு அந்தப்பக்கம் காது கேக்காத பிள்ளைகளுக்குன்னு ஒரு அறக்கட்டளை நடத்தற பள்ளிக்கூடத்துல இடம் கெடச்சுது. சும்மா இடமில்லீங்க. வருசத்துக்குப் பன்னெண்டு பிள்ளைகதான் எடுப்பாங்களாம். அஞ்சு வயசு தாண்டுனா எடுக்க மாட்டாங்க. அம்மாவும் கூடவே தங்கிக் கத்துக்கோணும். கையால பேசறது, உதட்டப் பாத்துப் புரிஞ்சுக்கறது, மிஷினு வச்சுக் கேக்கப் பழகறது, எல்லாம். சின்ன வயசுலயே ஆரம்பிச்சாத்தான் பாஷை உக்காருமாமுங்க. கலாமணி இங்க வந்து, இந்த எடத்துல நின்னுட்டு, எங்கிட்டச் சொல்லிச் சொல்லி மாஞ்சுபோச்சு. மாமியாக்காரிகிட்டச் சண்டை போட்டு, குடோன் ஓனர்கிட்ட ஒரு வருசம் லீவு சொல்லி, ரெண்டு பேருக்கும் துணிமணி எடுத்து வச்சு, எல்லாம் தயாரா இருந்தாங்க. அந்தப் புள்ள வாயில இருந்து அம்மான்னு ஒரு வார்த்த வந்தா எனக்குப் போதுமுண்ணான்னாங்க.

பள்ளிக்கூடத்துல சேர ஒரு மாசம் இருக்கறப்ப, எடம் கெடச்ச பன்னெண்டு பேருக்கும் அவங்க ஒரு மெசேஜு அனுப்பிச்சாங்க. அதுல ஒரு லிங்க்கு. அவங்க மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாதுங்க, நாலஞ்சு மாநிலத்துப் பிள்ளைக வர்ற எடம், இங்கிலீஷ்லதான் அனுப்புவாங்க. காத்திருக்கற பிள்ளைக நெறைய இருக்குது, அதனால வர முடியாதவங்க மட்டும் இப்பவே எடத்த விட்டுக் கொடுத்துருங்கன்னு அந்தப் பக்கத்துல இருந்துச்சு. கீழ ரெண்டு பட்டன். விட்டுக் கொடுக்கறேன்ங்கறது நீலம். வச்சுக்கறேன்ங்கறது சாம்பல்.

ஆமாங்க. அதேதான். ராத்திரி ஷிப்டு முடிஞ்சு காத்தால வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடத்துப் பேரப் பாத்ததும் சந்தோசமாத் தொறந்திருக்காங்க. ஒண்ணும் புரியல. எனக்கு ஃபோன் பண்ணி எழுப்ப வேண்டாம்னு நெனச்சிருக்காங்க, பாருங்க அந்த மரியாதைய. அண்ணன்தான் சொல்லிக் கொடுத்திருக்காரேன்னு நீலத்த அமுக்கீட்டாங்க.

என்னத்த அமுக்குனோம்னு அவங்களுக்கே தெரியாதுங்க. அதுக்கப்பறம் ஒரு மாசம் இதே வீதியில சிரிச்சுட்டுத்தான் போயிட்டு வந்துட்டு இருந்தாங்க. சேர்ற நாளு, புள்ளையக் கூட்டிட்டு, ஒரு பெட்டி, ஒரு பை, ஒரு பாய், எல்லாம் தூக்கிட்டு ரெண்டு பஸ் மாறிப் போயிருக்காங்க. கேட்டுல பேரு இல்லீன்னுட்டாங்க. உள்ளார இருந்து ஒரு டீச்சரம்மா வந்து, நீங்கதானேம்மா வேண்டாம்னு பதில் அனுப்பிச்சிருக்கீங்கன்னு கம்ப்யூட்டரக் காட்டியிருக்காங்க. அந்த எடத்துல வேற பிள்ளை வந்து உக்காந்திருச்சு.

அன்னிக்கு மத்தியானமே திரும்பி வந்துட்டாங்க. வீட்டுக்குப் போகல. பஸ்ஸ விட்டு எறங்குனதும் நேரா இங்கதான். அந்தப் பெட்டிய இதா, நீங்க காலு வச்சிருக்கீங்களே, அங்கதான் வச்சாங்க. புள்ள பாய்ச்சுருள் மேல உக்காந்துட்டு என்னப் பாத்து எப்பவும் போலச் சிரிச்சுது. போன என்கிட்ட நீட்டி, 'அண்ணா, நான் எதையாச்சும் தப்பா அமுக்கிட்டனா, பாருங்கண்ணா'ன்னாங்க.

நான் பாத்தேன். எனக்குப் பாத்ததும் தெரிஞ்சு போச்சுங்க. எழுத்துக்கூட்டிப் படிக்கவே வேண்டாம், நீலம் எது சாம்பல் எதுன்னு பாத்தாப் போதும். என்ற காது ரெண்டும் சூடாயிருச்சு.

'நீங்க சொன்ன மாதிரி நீலத்தத்தானுங்கண்ணா அமுக்குனேன்'னாங்க. அந்த நேரத்துல நான் ஆமான்னு சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். நாலு வார்த்த திட்டியிருப்பாங்க. செருப்பக் கழட்டி அடிச்சிருந்தாக்கூட வாங்கிட்டு இருந்திருப்பேன், இப்பச் சொல்றேன். ஆனா கடையில அப்ப ரெண்டு பேரு நின்னுட்டு இருந்தாங்க. ரெண்டு பேரும் எங்கிட்ட நீலத்தப் படிச்சவங்க. நான் போனப் பாத்துட்டே, தலையத் தூக்காமச் சொன்னேன். 'இல்ல கலாமணி, நீங்க எதையோ மாத்தி அமுக்கீட்டீங்க. நீலத்த அமுக்கியிருந்தா இப்படி ஆயிருக்காது'ன்னு.

அவங்க வலது கைய விரிச்சு, அந்தக் கட்டவெரலப் பாத்தாங்க. 'இந்தக் கை வெளங்குமா'ன்னாங்க. கண்ணாடிப் பொட்டி மேல அந்த வெரல வச்சு ரெண்டு அடி அடிச்சாங்க. கண்ணாடி கீறல் விட்டிருக்குது பாருங்க, அந்த ஓரத்துல. மாத்தலீங்க. மாத்தோணும்னு தோணல.

அப்பறம் ஊரு முச்சூடும் அதே பேச்சு. தூக்கக் கலக்கத்துல பெத்த புள்ளையோட வாழ்க்கைய மாத்தி அமுக்கிப்போட்டாளேன்னு மாமியாக்காரி குடோன் வாசல்ல வந்து நின்னு பேசிட்டுப் போச்சு. வீட்டுக்காரரு ஆறு மாசம் முகங்கொடுத்துப் பேசல. கலாமணியும் யாரு கேட்டாலும் அதத்தான் சொல்லும். லோகண்ணன் படிச்சுப் படிச்சுச் சொல்லிக் கொடுத்தாரு, எனக்குத்தான் புத்தியில்லாமப் போச்சும்பாங்க. என்ற காதுபடவே சொல்லுவாங்க. நானும் கேட்டுட்டு, விடுங்க கலாமணி, நடந்தது நடந்து போச்சும்பேன்.

நான் சும்மாவும் இருக்கலீங்க. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாளு ஃபோன் பண்ணுனேன். இந்த மாதிரி அந்த அம்மா தெரியாம அமுக்கீட்டாங்க, தயவு பண்ணுங்கன்னேன். வந்த பிள்ளைய வெளிய அனுப்ப முடியாதுங்க, அடுத்த வருசம் இந்தப் பிள்ளைக்கு வயசு தாண்டிரும்னு அந்த டீச்சரம்மாவே வருத்தப்பட்டாங்க. அப்பறம், 'நீங்க அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகோணும்'னு கேட்டாங்க. நான் ஃபோன வச்சுட்டேன்.

இன்னொண்ணும் இருக்குது. இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. அன்னிக்கு கலாமணியோட போனு கையில இருக்கறப்பவே, அந்த லிங்க்க என்ற போனுக்கு அனுப்பி வச்சுக்கிட்டேன். அவங்க கெளம்புனதுக்கப்பறம் கடைய பாதி சாத்தீட்டு, என்ற ப்ரவுசரத் தமிழுக்கு மாத்துனேன். இந்தப் பதினோரு வருசத்துல என்ற சொந்த போன்ல அப்பத்தானுங்க மொதத் தடவ தமிழப் போட்டேன். மாத்தீட்டு அந்தப் பக்கத்தத் தொறந்தா, கீழ ஒரு சின்னப் பட்டை வந்து நிக்குது. இந்தப் பக்கத்தத் தமிழ்ல காட்டட்டுமான்னு அதாவே கேக்குது. அமுக்குனேன். அவங்க பதில் பதிவாயிருச்சுன்னு கீழ ஒரு வரி இருந்துச்சு, ஆனா மேல அந்தக் கேள்வி அப்படியே இருந்துச்சு. தமிழ்ல. 'உங்கள் குழந்தையின் இருக்கையை விட்டுக்கொடுக்க விரும்புகிறீர்களா'ன்னு. அரைகுறைத் தமிழ்தான், பள்ளிக்கூடத்து எடத்தப் போயி இருக்கைங்குது. இருந்துட்டுப் போகுதுங்க. எட்டாவது படிச்ச ஒரு அம்மாவுக்கு அது போதாதுங்களா? உங்கள் குழந்தைங்குது, விட்டுக்கொடுக்கங்குது. ஒருத்தி அதப் படிச்சுட்டு ஆமான்னு அமுக்குவாளுங்களா?

நான் இங்கிலீஷு போட்டதுனால அவங்க ப்ரவுசர் அந்தக் கேள்வியவே கேக்கல. இந்த அம்மாவுக்கு இங்கிலீஷு தெரியும்னு அது நெனச்சுக்கிச்சு. நான்தானுங்களே அதுக்கு அப்படிச் சொல்லி வச்சிருந்தேன்.

அப்பறம் ஒரு வாரம் கழிச்சு அவங்க ஏதோ மெசேஜ் காட்ட வந்தப்ப, சத்தமில்லாம அவங்க போனத் தமிழுக்கு மாத்திக் கொடுத்தேன். ஏதோ என்னால ஆனதுன்னு ஒரு நிம்மதி. மறுநாளு ஓடி வந்தாங்க. மொகமெல்லாம் வேர்த்துப்போச்சு. 'அண்ணா, போன்ல எல்லாம் மாறிக் கெடக்குதுங்கண்ணா, நான் எதையும் தொடவே இல்ல, தொடவே இல்லீங்கண்ணா'ன்னு அழுகறாங்க. மறுக்காவும் எதையோ மாத்தி அமுக்கீட்டோம்னு நெனச்சுட்டாங்க. பழையபடியே போட்டுருங்கன்னாங்க. இங்கிலீஷ்லயே போட்டுருங்கண்ணா, எனக்கு ஒண்ணும் புரியாம இருந்தாத்தான் பயமில்லாம இருக்குதுன்னாங்க.

போட்டுக் கொடுத்துட்டேன்.

அதனாலதான் சொல்றேன் அம்மிணி. நீங்க போயி அவங்ககிட்டக் கேட்டீங்கன்னா, இங்கிலீஷ்தானுங்க வேணும், நானேதான் கேட்டு வாங்கிப் போட்டேன்னு சொல்லுவாங்க. பொய்யி சொல்ல மாட்டாங்க. அது நெசந்தான். உங்க ஃபாரத்துல அத எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?

இப்ப அவங்க எதையும் அமுக்கறதில்லீங்க. ரெண்டு வருசமாச்சு. என்ன வந்தாலும் இங்க கொண்டாந்து நீட்டுவாங்க, நான்தான் அமுக்கோணும். தெனமும் நாலு மணிக்கு, புள்ளையப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டு வர்ற வழியில. ஒண்ணும் வராத நாளுலயும் வந்து, ஒண்ணும் வரலீங்களாண்ணான்னு பாத்துட்டுப் போவாங்க. ஒவ்வொரு தடவையும் நான் அமுக்கறதுக்கு முன்னால, 'எந்த நெறத்த அமுக்கறீங்கண்ணா'ன்னு கேப்பாங்க. கேட்டுட்டு போனப் பாக்க மாட்டாங்க, என்ற மொகத்தவே பாப்பாங்க. பாவம், மறுக்கா கத்துக்கலாம்னு கேக்கறாங்க போல. நான் சொல்லிக் கொடுப்பேன்.

தன்ஷிகா இங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்துல ஒண்ணாவது உக்காந்திருக்குது. வாரத்துக்கு ரெண்டு நாளு ஒரு டீச்சரு வந்து கையால பேசச் சொல்லித் தர்றாங்க. தாமசமா ஆரம்பிச்சதுனால மெல்லத்தான் வருமாமுங்க.

இப்பக் கேக்கறனான்னா? புது போனு தொறக்கறப்பவா? கேக்கறனுங்க. எந்த பாஷை வேணும்னு கேட்டுட்டுத்தான் போடறேன். கூட்டமில்லாத நேரத்துல கேக்கறேன். கூட்டமா இருந்தா எப்படிங்க, பொறத்தால நாலு பேரு நிக்கறப்ப.

அதோ, வர்றாங்க பாருங்க. பச்சச் சீல. இன்னைக்குக் கரண்டு இல்லீல்ல, தறி ஓடல, அதான் புள்ளையையும் நேரத்துலயே கூட்டிட்டு வர்றாங்க. நீங்க எதுவும் சொல்லிராதீங்க அம்மிணி. நானே சொல்லிக்கறேன். உங்ககிட்டச் சொல்ல முடிஞ்சுது பாருங்க, அந்தத் தைரியம் எனக்கு வந்திருச்சு. இன்னைக்குச் சொல்லிப்போடறேன். நீங்க பாத்துட்டே இருங்க.

வாங்க கலாமணி, வாங்க. இவங்க மெட்ராசுல இருந்து வந்திருக்காங்க, போன்ல யாரு எந்த பாஷை வச்சிருக்காங்கன்னு கணக்கெடுக்கறாங்க. உங்களையும் கேப்பாங்க, பயப்படாமச் சொல்லுங்க. ஆமா, இங்கிலீஷ்தான். ஆமா, நீங்களேதான் போடச் சொன்னீங்க. அவங்க எழுதிக்குவாங்க.

கலாமணி, ஒரு நிமிசம் நில்லுங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். அன்னைக்கு நீங்க பெட்டியோட வந்தீங்க பாருங்க, அன்னைக்கு...

இல்ல, ஒண்ணுமில்ல. அன்னைக்கு விழுந்த கீறலு இன்னும் அப்படியே இருக்குது, கைய வச்சுக் கிழிச்சுக்காதீங்கன்னு சொல்ல வந்தேன். போனக் கொண்டாங்க. பள்ளிக்கூடத்துல இருந்துதான். வெள்ளிக்கெழம ஊசி போடறாங்களாம், சம்மதமான்னு கேக்கறாங்க. போட்டுக்கலாமுங்களே?

எந்த நெறமா? நீலந்தானுங்க கலாமணி.

ஆச்சு. போயிட்டு வாங்க. வெயிலாப் போகுது, புள்ள தலையில துணியப் போடுங்க.

எழுதீட்டீங்களா அம்மிணி? இங்கிலீஷு, சொந்த விருப்பம். சரிதானுங்க. அவங்க சொன்னதத்தான் நீங்க எழுத முடியும். நாளைக்கும் நாலு மணிக்கு வருவாங்க.

அங்க பாருங்க, அந்தப் புள்ள திரும்பிப் பாக்குது. கையத் தூக்கிக் கட்டவெரலால காத்துல ஒரு அமுக்கு அமுக்குது பாத்தீங்களா? டாட்டா இல்லீங்க அது. நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சுட்டு, திருப்பி அதே மாதிரிக் காட்டிட்டு இருந்தேன். கையால பேசச் சொல்லித் தர்ற அந்த டீச்சருதான் போன மாசம் சொன்னாங்க. காது கேக்காத பிள்ளைக ஒவ்வொரு ஆளுக்கும் கையால ஒரு பேரு வச்சுக்குவாங்களாம், அந்த ஆளு எப்பவும் என்ன செய்யறாரோ அத வச்சு. அவங்க அம்மாவுக்கு நூலு சுத்தற மாதிரி ஒண்ணு. அப்பனுக்கு ஸ்டேரிங் பிடிக்கற மாதிரி ஒண்ணு.

அவளுக்கு என்ற பேரு அதுதானுங்க.